மௌனப் படத்தில் கேட்ட குரல்

ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச் ஹாலில் நூறு வருடப் பழைய மௌனப் படம் ஓடுகிறது. சுருங்கிப்போன சிறுமி ஒருத்தி எலி வளை அளவுக் கதவின் முன் நிற்கிறாள். மூன்று வருடமாக நான் தமிழாக்கிக்கொண்டிருக்கும் கதை. இதைப் பார்க்கவே சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்து வரும்போதெல்லாம் முன் வரிசைப் பெண் தன் மகளுக்குச் சத்தமாகத் தமிழில் சொல்கிறாள்.

"ஏய் கதவே, நான் இத்தினியூண்டு ஆயிட்டேன், இப்பவாச்சும் உள்ள உடு!"

ஹாலே சிரிக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. இந்த ஒரு வரியோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியும் என் தமிழில் அந்தச் சிறுமி இப்படிப் பேசவில்லை.

விளக்கு போட்டதும், "நல்லா தமிழ்ப்படுத்துறீங்க" என்கிறேன், வேண்டாவெறுப்பாக.

"எனக்கு இங்கிலீஷ் எங்க சார் வரும்? அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தா தெரியாதா? ஆமா, அதுல என்னா எழுதியிருந்துச்சு?"

எழுதியிருந்தது வரி பிசகாமல் என் பையிலுள்ள தமிழாக்கக் கைப்பிரதியில் கிடக்கிறது.

"நீங்க சொன்னதுதாம்மா" என்கிறேன்.