ஞாயிற்றுக்கிழமை ஆணி அடித்த சாராள் அண்ணி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மறதி வேறு. முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பதியில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் கீழ்வீட்டில் எலி வளையை அடைக்க வந்த கொத்தனார், காலி பாட்டில்களைச் சாக்கில் கட்டிக் கல்லால் இடித்துக்கொண்டிருந்தார். அந்த நொறுங்குகிற சத்தம், மாடிப்படியில் நின்ற என்னை, நான் வாழ்க்கைப்பட்ட குடிபாலாவுக்குக் கொண்டுபோய்விட்டது. எங்கள் கோழிக்கூண்டுக்கும் அப்படித்தான் கண்ணாடி இடித்தோம். இடித்தோம் என்று என்னையும் சேர்த்துச் சொல்கிறேன், பாருங்கள். இடித்தது சாராள் அண்ணி. நான் சாக்கைப் பிடித்துக்கொண்டேன், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

சாராள் அண்ணி என் வீட்டுக்காரருடைய அக்கா. அவர் புருஷன் வேறொருத்தியோடு போய்விட, தாய்வீட்டுக்கே திரும்பி வந்தவர். ஆஸ்பத்திரியில் வார்டு கழுவுகிற வேலை. பக்கத்தில் வந்தாலே பினாயில் வாசனை அடிக்கும். இப்போதும் எங்காவது பினாயில் தெளித்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது. வருஷம் அறுபத்தொன்பதோ எழுபதோ, நான் கல்யாணமாகிப் போன புதிது. மாமனார் எதிரில் வாய் திறக்க மாட்டேன். பின்னாலும் அவ்வளவாகத் திறந்ததில்லை.

எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோழி இட்ட முட்டை வீட்டுக்கு இல்லை, கோயிலுக்கு. அந்த முட்டைகளைச் சேர்த்து அடைவைத்து, பொரித்த குஞ்சுகளைத் தாயோடு அறுப்புப் பண்டிகைக்குப் படைப்பார்கள். ஆராதனை நடத்துகிற உபதேசியார் நின்று பெயர் வாசிப்பார். ஆண்களுக்கு அவரவர் பெயர். பெண்களுக்கு இன்னார் மனைவி, இன்னார் மகள். அண்ணிக்கு இரண்டும் வேண்டாம். ஓடிப்போனவன் பெயரைச் சொன்னால் கோயிலே திரும்பிப் பார்க்கும். மகள் என்றால், புருஷன் எங்கே என்று பார்க்கும். நேராக உபதேசியாரிடமே போய்க் கேட்டுவிட்டார்.

"நீயே வளத்துக் கொண்டாந்தா உன் பேர மட்டும் படிக்கறேன். நைனா வாங்கிக் குடுத்தது ஆவாது" என்றாராம்.

பதினோரு முட்டை வைத்து ஒன்பது பொரித்தது. நாலாம் நாள் எண்ணினால் ஏழு. கூண்டின் மண்தரையில் என் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. பக்கத்து வீட்டு ரெட்டியாரம்மா எட்டிப் பார்த்து, "பந்திகொக்கு!" என்றார். தெலுங்கில் பெருச்சாளிக்கு அந்தப் பெயர்.

சனிக்கிழமை அண்ணி லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தார். தரையை ஒரு முழம் தோண்டினார். கண்ணாடிச் சில்லைக் களிமண்ணிலும் சுண்ணாம்பிலும் பிசைந்து கரண்டியால் வளைக்குள் திணித்தார். எங்கள் வீட்டுப் பாட்டில்கள் போதவில்லை. ரெட்டியாரம்மா ஒரு முறம் நிறைய உடைந்த வளையல் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் கண்ணாடி வளையல் போடுகிற பழக்கம் இல்லை. அதனால் எனக்கு அதைக் கொட்ட மனசே வரவில்லை. "கையில போடத்தான் கூடாது, காலுல மிதிக்கலாம். கொட்டு மே" என்று அண்ணி சிரித்தார். எங்கள் பக்கம் பெண்களை 'மே' என்றுதான் கூப்பிடுவார்கள். சிவப்பும் பச்சையுமாகக் கூண்டின் அடி மின்னியது. அதன் மேலே கடப்பைக்கல். மூன்று கல் வேண்டும். இரண்டு போடுவதற்குள் பொழுது சாய்ந்தது.

"போதும், நிறுத்து. பொழுது விடிஞ்சா ஓய்வுநாள்" என்றார் மாமனார். அவர் சொன்னால் சொன்னதுதான். மீதி மூலையில் ஒரு செங்கல்லை வைத்துக் குஞ்சுகளை உள்ளே விட்டார்கள். பெருக்கும்போது துடைப்பம் பட்டதற்கே அந்தச் செங்கல் ஆடியது. பார்த்தேன். மாமனார் நின்றிருந்தார். சொல்லவில்லை.

காலையில் செங்கல் ஒரு பக்கமாகக் கிடந்தது. கூண்டுக் கதவும் கடிபட்டிருந்தது. குஞ்சு ஐந்து.

அண்ணி அழவில்லை. "நீங்கல்லாம் கோயிலுக்குப் போங்க" என்றார். அவர் கோயிலுக்கு வராத ஞாயிறு எனக்குத் தெரிந்து அதுதான்.

கோயில் எங்கள் தெருக்கோடியில். பிரசங்கம் பாதியில் இருக்கும்போது டொக், டொக் என்று சத்தம். அண்ணிதான், பெருச்சாளி கடித்த கூண்டுக் கதவுக்கு மண்ணெண்ணெய் டின்னைத் தட்டி ஆணி அடிக்கிறார். உபதேசியார் நிறுத்தினால் அதுவும் நின்றது. அவர் ஆரம்பித்தால் அதுவும் ஆரம்பித்தது. மாமனாரின் கழுத்து சட்டைக்குள் இறங்கிக்கொண்டே போனது. பக்கத்திலிருந்த பாட்டியம்மா என்னை இடித்தார்.

"யாரு வூட்ல மே சாவுப் பொட்டி அடிக்கறாங்க? நேத்து எல்லாரும் நல்லாத்தானே இருந்தாங்க?"

"எங்க வூட்லதான். கோழிக்கூண்டு" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. கோயிலில் நான் பேசிய முதல் பேச்சு அது.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் வேதப்புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு புழக்கடைக்கே போனார். அண்ணி மூன்றாவது கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா காரியம் பண்ண? சுத்தி சத்தம் கோயில் வரைக்கும் கேக்குது. மானம் போச்சி."

"பெருச்சாளிக்கு இன்னிக்கு ஞாயித்துக்கெழமன்னு யாராச்சும் சொன்னாங்களா நைனா? அது பாட்டுக்கு வேல செஞ்சிகினுதானே இருக்குது. கல்ல ஒரு கை புடி."

"புடிக்க மாட்டேன்." குனிந்து கல்லைப் பார்த்தார். "ஆனா சொல்றேன், கல்லு சாஞ்சிகினு இருக்குது. கெழக்கால தள்ளு."

"தள்ளிட்டேன்."

"இன்னும் ஒரு வெரக்கடை."

கல்லின் அந்தப் பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். செங்கல் ஆடியதை அண்ணியிடம் அப்போதுதான் சொன்னேன். "வாய் எதுக்கு மே குடுத்துக்குது? துன்றதுக்கு மட்டுமா?" என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒரு குஞ்சும் போகவில்லை. ஆனால் ஓய்வுநாளில் ஆணி அடித்தவள் படைப்பதை ஏற்பார்களா என்று சபையில் பேச்சு இருந்தது. பண்டிகையன்று அண்ணி வெள்ளைப் புடவையில், கோழியை அக்குளில் இடுக்கி, குஞ்சுகளைக் கூடையில் வைத்துக்கொண்டு நின்றார். கோழி புடவையை அசிங்கம் பண்ணியது. அவர் குனிந்து பார்க்கவில்லை. உபதேசியார் நோட்டைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"சாராள். கோழி ஒண்ணு. குஞ்சு அஞ்சு."

என் காதில் அப்படித்தான் விழுந்தது.

இப்போது அந்த வீட்டில் கோழி இல்லை. கூண்டு இருந்த இடத்தில் என் கொழுந்தனார் குளியலறை கட்டிவிட்டார். அடித்தளத்தில் கடப்பாரை இறங்கவில்லை என்று ஆட்கள் திட்டினார்களாம். எனக்குப் பெருமையாக இருந்தது. ஞாயிற்று முட்டையும் நின்றுபோயிற்று. காணிக்கை கவரில் போகிறது, பெயர் வாசிப்பதில்லை. அண்ணி போய்ப் பல வருஷம் ஆகிறது.

கொழுந்தனார் என்னிடம், "இல்ல அண்ணி, மோசே மகள் சாராள்னுதான் படிச்சாரு" என்கிறார். மோசே என் மாமனார் பெயர். அவர் அன்றைக்குச் சின்னப் பையன். ஆனாலும் என் மறதியை நினைத்தால் பயமாக இருக்கிறது. குடிபாலாப் பக்கம் போகிறவர்கள் யாராவது, கோயில் பீரோவில் அந்தப் பழைய நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். குஞ்சு ஐந்தோ ஆறோ, அது போகட்டும். அவர் பெயருக்கு முன்னால் வேறு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.