ரயிலை விட்டு இறங்காத பெண்

தொண்ணூறுகளில், இத்தாலியில், பலெர்மோவின் கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு அம்மையாரின் வீட்டில் வேலை செய்தேன்; அவரைச் சின்யோரா என்றே கூப்பிடுவேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, தனி ஆள். மீன்காரர் கூவுவது மூன்றாம் மாடிக்கு ஏறி வரும்போது பாதி பாட்டாகிவிடும். அதைக் கேட்டபடி தட்டச்சு மெஷினுக்கு முன்னால் சின்யோரா கண்மூடி இருப்பார். எதிரே சுவரில் ஒரு வயதான அம்மாவின் படம்.

அவருக்கு ஒரே கவலைதான். பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அதற்குள் ஒரு புத்தகத்தை முடிக்க வேண்டும். கடைசி அத்தியாயம் மட்டும் நகர மறுத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டுச் சாமிப்படத்துக்குக் கட்டிய மல்லிகையில் ஒரு முழம் மிச்சமிருந்தது. பெற்றவளின் படம் வெறுமனே தொங்குகிறதே என்று கொண்டுபோய் அதற்குச் சூட்டி, படக் கண்ணாடியில் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டேன்.

சின்யோரா வந்து பூவைத் தடவிப் பார்த்தார். என்ன இது என்றார்.

"மோசம் போன ஆக்களின்ரை படத்துக்கு நாங்கள் இப்பிடித்தான் மாலை போடுறது, சின்யோரா. உங்கடை அம்மாதானே?"

அம்மா இல்லையாம். ஜெர்மன் நாட்டு எழுத்தாளராம். பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காத காலத்தில் பக்கத்து நாட்டுக்குப் போய்ச் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவராம். இத்தாலி ஒன்றான கதையைக்கூட எழுதினாராம். கொடுங்கோலர்கள் விசுவாசம் கேட்டபோது, முடியாது என்று எழுத்தாளர்களின் பெரிய சபையை விட்டே வெளியேறினாராம். எண்பது தாண்டிய பிறகு, குளிர்காலத்தில், கணப்பில்லாத ரயிலில் ஊரைவிட்டுப் புறப்பட்டார். அந்தக் குளிரே அவரைக் கொண்டுபோனது.

சின்யோரா குரலைத் தாழ்த்தினார்.

"என்ரை புத்தகம் அவவைப் பற்றித்தான். நான் அவவை இன்னும் அந்த ரயிலிலேயே இருத்தி வைச்சிருக்கிறன். இறக்கினால் செத்துப்போவா."

நாங்களும் ஊரைவிட்டு, குளிரில் எல்லை கடந்து வந்தவர்கள்தானே. மாலையைக் கழற்றக் கை நீட்டினேன், விடு என்றார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து மச்சாளிடம் இதைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்ல காலம், சின்யோராவுக்கே மாலை போடாமல் வந்தியே."

மறுநாள் படியேறும்போதே தட்டச்சுச் சத்தம் கேட்டது, தூரத்தில் ரயில் ஓடுவதைப் போல. நான் கூட்டினேன், துடைத்தேன். அது ஓடிக்கொண்டே இருந்தது. மத்தியானம் நின்றது. எட்டிப் பார்த்தேன். படத்தில் மல்லிகை பழுத்துப்போயிருந்தது. சின்யோராவின் கன்னம் நனைந்திருந்தது.

"இறங்கிட்டா," என்றார். "நாளைக்குப் புதுப் பூ கட்டிக்கொண்டு வா."

"ஓம், சின்யோரா," என்றேன்.