டாக்டர் முன்னால் சொன்ன வார்த்தை

எழுபதுகளில் என் கணவர் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். லைசென்ஸைப் புதுப்பிக்க, கண் பார்வை சரியாக இருக்கிறதென்று டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் போனோம்.

சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளை என் கணவர் தடுமாறாமல் படித்துவிட்டார். டாக்டர் பேனாவைத் திறந்தார். அதற்கு முந்தின வாரம் பொழுது சாயும் நேரம், டாக்சி ஓட்டும்போது எதிரே சைக்கிளில் வந்தவரை என் கணவர் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்த நான் அலறிய பிறகுதான் பிரேக் போட்டார். அதைப் பற்றி வீட்டில் இருவருமே பேசவில்லை.

"சார், இருட்டினா இவருக்குக் கண்ணு தெரியல. கையெழுத்துப் போடாதீங்க," என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் பேனாவை மூடினார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார். பஸ் ஸ்டாப்பில்தான் வாய் திறந்தார்.

"எனக்கு மட்டும் தெரியாதா? வூட்லயே எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வண்டி ஓட்டறத வுட்டிருப்பேனே. அந்த ஆளு எதிர்ல சொல்லணுமா?"

பிறகு அவர் ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடைசிவரை அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

நான் சொன்னது உண்மைதான். அதை முதலில் கேட்டிருக்க வேண்டியவர் அவர்.