செற்றிக்கு மேலே எங்கட பிளேன்

மற்றப் பெண்களின் கணவன்மார் குடிப்பார்கள், சீட்டு விளையாடுவார்கள், கோயில் நிர்வாகத்தில் சேர்ந்து சண்டை பிடிப்பார்கள். என் கணவர் பிளேன் ஒட்டுவார். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்ரிக் விமானங்களை வாங்கி, பசை போட்டு ஒட்டி, பெயின்ற் அடித்து, நோர்வேயில், ட்வெய்ட்டா அடுக்குமாடியில் இருக்கும் எங்கள் வீட்டு ஹோலின் கூரையில் நூல் கட்டித் தொங்கவிடுவார். அந்த மாடி வீடுகளுக்குக் கூரை ஏற்கெனவே தாழ்வு. எங்கள் ஹோலில் கொஞ்சம் உயரமானவர்கள் தலையைக் குனிந்துதான் நடக்க வேண்டும்.

இவரைப் பழக்கிவிட்டவர், இவரோடு ட்ராம் ஓட்டிய ஒரு நோர்வேக்காரர். ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், நரைத்த ஆண்கள் கூடியிருந்து விமானம் ஒட்டும் கழகம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நோர்வே மொழி பேசிப் பழகலாம் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் இவர் சேர்ந்தார். அங்கே ஒருவரும் வாயே திறப்பதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் நேச நாடுகள் ஓட்டிய சண்டை விமானங்களைத் தவிர வேறெதையும் இவர் தொடமாட்டார். ஜேர்மன்காரர் நாட்டைப் பிடித்த பிறகு நோர்வே விமானிகள் இங்கிலாந்துக்குப் போய் அங்கிருந்து பறந்தார்களாம். மூக்கில் சிவப்பு, வெள்ளை, நீலம் பூசிய ஸ்பிற்ஃபயர் விமானங்களாம். நான் சோறு போடும் நேரம் பார்த்துத்தான் இந்தக் கதையெல்லாம் வரும்.

“சத்தம் கேட்டால் சனம் வீட்டுக்குள்ளை இருந்து வெளியாலை ஓடிவருமாம்,” என்றார் ஒருநாள்.

“என்னத்துக்கு?”

“பாக்கத்தான். எங்கட பிளேன் எண்டு.”

நான் நம்பவில்லை. ஊரில் பிளேன் சத்தம் கேட்டு நாங்களும் வெளியேதான் ஓடினோம், முற்றத்துப் பங்கருக்குள் குதிப்பதற்கு.

இவருடைய பிளேன்களில் ஒரு விசேஷம் உண்டு. வயிற்றுப் பக்கம்தான் மிக அழகாக இருக்கும். முதுகில் ஏனோதானோ என்று பூசிவிட்டு, வயிற்றுக்கு மட்டும் மூன்று தரம் அடிப்பார். கழகத்துக் கண்காட்சியில் தன் விமானத்தை மல்லாக்க வைத்திருந்தாராம். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அது விழுந்து கிடக்கிறது என்று நினைத்து நிமிர்த்தி வைத்தார்களாம். வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினார். “பிளேனை மேலை இருந்து பாத்த ஆள் ஆர்? கடவுளோ?” யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் விமானம் என்றால் அதன் வயிறுதான். அதனால்தான் மேசையை விட்டுவிட்டுக் கூரையில் தொங்கவிடத் தொடங்கினார்.

நோர்வே அரசாங்கம் எங்கள் நாட்டுக்குப் போய், அரசுக்கும் இயக்கத்துக்கும் இடையில் சமாதானம் பேசிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. என் தங்கை, கூடப் படித்த ஒருவனை விரும்பினாள். அம்மா இல்லாத பிள்ளை, சிறு வயதில் என்னிடம் வந்து சேர்ந்தவள். பெடியன் இதே நகரத்தில், ஹொல்ம்லியாவில் இருக்கிறான், நல்ல பெடியன். தகப்பன் ஊரில் பிரச்சினைக்குள் செத்தவர் என்று சொன்னார்கள். பிரச்சினைக்குள் செத்தவர் என்றால் எங்கள் ஆட்கள் அதற்கு மேல் கேட்பதில்லை. பெடியனோடு தாயும் தாயின் தமையனும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அந்த அம்மா ஒரு வீட்டுக்குள் கால் வைத்ததுமே முடிவு எடுத்துவிடுவார் என்று கேள்வி.

“அக்கா, இது பிழைச்சால் நான் வேறை ஒருத்தரையும் கட்டமாட்டன்,” என்றாள் தங்கை, நகத்துக்குப் பூச்சுப் பூசிக்கொண்டே. அவள் ஒரு விஷயத்தை இரண்டு தரம் சொல்கிறவள் இல்லை.

பிளேன்களைக் கழற்றச் சொல்லிக் கணவரைக் கெஞ்சினேன். ஓம் என்றார். ஆனால் ஞாயிறு காலை ட்ராமுக்கு ஆள் இல்லையென்று கூப்பிட, போய்விட்டார். ரோல்ஸ் பொரித்து முடித்துவிட்டு நானே கதிரையில் ஏறினேன். ஒன்றை இழுத்தால் அது மற்றதில் சிக்கியது. அதை விடுவித்தால் இரண்டும் சேர்ந்து மூன்றாவதை இடித்தன. நான் இழுக்க இழுக்க ஹோல் முழுவதும் பறந்தன. வருகிறவர்கள் இருக்கும் செற்றிக்கு நேர் மேலே தொங்கிய புதிய ஸ்பிற்ஃபயரின் ஒரு நூல் அறுந்து, அது ஒரு பக்கம் சரிந்து மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றது.

“ஸ்லாப் அவ், அக்கா. பதறாதையுங்கோ, விடுங்கோ,” என்றாள் தங்கை.

மணி அடித்தது. கணவரும் அவர்களும் ஒரே லிஃப்டில் வந்திருக்கிறார்கள். நான் கதிரையின் மேல் நின்றபடியே வாங்கோ என்று சொன்னேன்.

தாயும் மாமனும் உள்ளே வந்து, ஒருதரம் மேலே பார்த்தார்கள். மாமன் நேரே போய் யன்னலோரச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டார். தாய் சாப்பாட்டுக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவு நிலைக்குக் கீழே போட்டு இருந்தார், ஊரில் குண்டு போடும் நேரம் இருப்பது போல. செற்றியில் பெடியன் மட்டும் தனியாக இருந்தான். நான் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு ஒருமுறை சுவருக்கும் ஒருமுறை கதவுக்குமாக நடந்தேன். கூப்பிடும்வரை தங்கை குசினிக்குள் நிற்க வேண்டும் என்பது ஒழுங்கு. அவள் அங்கிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, உது பொம்மரோ?” என்று மாமன் கடைசியில் கேட்டார்.

“இல்லை ஐயா, ஃபைற்றர்.” என் கணவருக்கு அந்தக் கேள்வியே அவமானம்.

“சரிஞ்சு நிக்குது. சரிஞ்சால் குண்டு போடப்போகுது எண்டுதான் அர்த்தம்.”

“இது போடாது ஐயா. இது எங்கட பிளேன்.”

மாமன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். எட்டித் திரைச்சீலையை இழுத்து மூடினார். ஒன்பதாம் மாடியில் யன்னலுக்கு வெளியே நின்று யார் கேட்கப் போகிறார்களோ தெரியாது.

“எங்கட இயக்கத்திட்டைப் பிளேன் இருக்கெண்டு நானும் கேள்விப்பட்டனான்,” என்றார் குரலைத் தாழ்த்தி. “ஆனால் சமாதானம் பேசுற நேரம், உதுகளைக் கதைக்கப்படாது. எத்தினை இருக்கு?”

“இப்போதைக்குப் பதினொண்டு,” என்றார் என் கணவர், பெருமையாக. “ஒண்டுக்குப் பெயின்ற் இன்னும் காயேல்லை.”

“பதினொண்டோ. ஆர் ஓட்டுறது?”

“நோர்வேக்காரர்தான்.”

மாமன் நெடுநேரம் தலையை ஆட்டினார். “எனக்கு அப்பவே தெரியும். இவையள் சும்மா சமாதானம் பேச வரேல்லை.”

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பெடியன்தான் பொறுமையாகச் சொன்னான். “மாமா, இது ஹிட்லரோடை நடந்த சண்டை. முடிஞ்சுது.” முடிந்த சண்டைக்கு எதற்காகப் புதிதாகப் பெயின்ற் அடிக்கிறார்கள் என்று மாமன் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் பல தரம் கேட்டதுதான்.

அப்போதுதான் தாய் முதல் முதலாக வாய் திறந்தார். “அந்தச் செட்டையிலை கறுப்பு வெள்ளைக் கோடு என்னத்துக்கு?”

அதைக் கேட்க ஒரு ஆள் வரமாட்டாரா என்று காத்திருந்தவர் என் கணவர். எழுந்து நின்றுவிட்டார்.

“அதோ, அன்ரி? பிரான்ஸ் கரையிலை ஆமியை இறக்கேக்கை வானம் முழுக்கப் பிளேன். கீழை கப்பலிலை நிக்கிறவனுக்கு எது ஆற்றை எண்டு தெரியாது. சத்தம் கேட்டால் சுடுவான். அதாலை இறக்கிறதுக்கு முதல், எல்லாப் பிளேனுக்கும் செட்டையைச் சுத்திக் கோடு அடிச்சவை. அவசரத்திலை தூரிகையாலை அடிச்சது. அதுதான் நானும் கோணலாய் அடிச்சனான்.”

இது பொய். கை நடுங்கித்தான் கோணியது. நான் பாலர் பாடசாலையில் வேலை செய்கிறவள். நாலு வயதுப் பிள்ளை இதைவிட நேராக அடிக்கும்.

“என்னத்துக்கு அடிச்சது எண்டுதான் விளங்கேல்லை,” என்றார் மாமன்.

“எங்கட ஆக்களே எங்கடதைச் சுட்டுப் போடாமல் இருக்கத்தான் ஐயா.”

மாமன் சிரித்தார். “எங்கட ஆக்களே சுடுவினமோ?”

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் தன் தங்கச்சியை, பெடியனின் தாயைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தங்கையின் கலியாணம் அந்தக் கோட்டோடு போய்விட்டது என்றே நினைத்தேன். கணவரின் காலை மிதிக்கலாம் என்றால் அவர் எட்டாத தூரத்தில் நின்றார்.

“கோடு அடிச்சாப் பிறகு சுடேல்லையோ?” என்று தாய் கேட்டார்.

பிளேன் விஷயத்தில் என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. “குறைஞ்சது அன்ரி. ஆனால் சுட்டவைதான்.”

“கோடு தெரிஞ்சுமோ?”

“தெரிஞ்சிருக்கும். பிறகு விசாரிச்சால், தான் சுட்டதெண்டு சொல்ல ஆருக்கு வாய் வரும்?”

“ஓம்,” என்றார் அவர். “ஒருத்தரும் சொல்லாயினம்.”

கதிரையை விட்டு எழுந்தார். சரிந்து நின்ற அந்தப் பிளேனுக்குக் கீழே வந்து, செற்றியில் மகனுக்குப் பக்கத்தில் இருந்தார். அவருடைய தலைக்கும் அதன் மூக்குக்கும் ஒரு சாண்கூட இல்லை.

“இப்ப ஏன் அந்தக் கதை,” என்றார் மாமன் மெதுவாக.

“நீங்கள் பேசாமல் இருங்கோ அண்ணை. எத்தினை வருஷம் பேசாமல் இருந்தாச்சு.”

பெடியன் தாயைப் பார்த்தான். “அம்மா, அப்பாவை ஆமிதானே சுட்டது?”

அந்த அம்மா மகனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை. யாரோ கடைக்குப் போன கதையைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

“ஆமி உடுப்போடை வந்திருந்தால் நான் கதவு திறந்திருப்பனே, தம்பி?”

குசினிக்குள் நின்ற என் தங்கை, கூப்பிடாமலே வெளியே வந்தாள். என்னையும் பார்க்கவில்லை, மாமனையும் பார்க்கவில்லை. நேரே போய்ச் செற்றியில் அவனுடைய மற்றப் பக்கத்தில் இருந்தாள். தாய் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“தை பிறக்கட்டும், பிள்ளை. நாள் பாப்பம்.”