அப்பா பெயரில் பறந்த ஆறாயிரம்

என் மகள் முதன்முதலாக வெளியூர் வேலைக்குக் கிளம்பிய அன்று, விமான நிலையத்துக்குள் தனியாகத் தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் குடியிருந்த லிஃப்ட் மெக்கானிக் தம்பி, தானும் விமானம் ஏற வந்தவர், அவளைப் பார்த்திருக்கிறார். அவரிடம் இருந்த விமானக் கம்பெனி கார்டுக்கு, அங்கே சோபா போட்ட அறையில் அவரும் கூட ஒருவரும் காசில்லாமல் சாப்பிடலாம். "வாம்மா, கூட ஆள் வரலேன்னா இந்தச் சலுகை வீணாப் போயிடும்" என்று கூட்டிப்போய், வயிறு நிறையச் சாப்பிடவைத்து விமானம் ஏற்றியிருக்கிறார். எங்களிடம் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. மகள் போனில் சொல்லித்தான் தெரியும்.

நான் கீழே இஸ்திரி போடுகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. விமானம் ஏறியதில்லை. ஆனால் எந்த டிக்கெட் எப்போது மலிவு என்று என்னைக் கேட்டால் சொல்லுவேன். எல்லாம் அந்தத் தம்பி என் மேஜையோரம் நின்று சொன்னதுதான்.

அவருடைய அக்கா வேறு ஊரில் படுத்த படுக்கை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர், கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ரயிலில் இரண்டு நாள் ஆகும் என்பதால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தம்பி பறந்தார். மெக்கானிக் சம்பளத்தில் அது நடக்கிற காரியமா? நடத்தினார். இரண்டு மாதம் முன்பே டிக்கெட் எடுப்பார். யாரும் விரும்பாத விடிகாலை விமானத்தில் போவார். பெட்டிக்குத் தனிக்காசு என்பதால் நான் தேய்த்துக் கொடுத்த சட்டை மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வார். கட்டடத்தில் இருக்கிற எல்லார் வீட்டுக் கரண்ட் பில்லையும் தன் விமானக் கார்டில் கட்டிவிட்டு, எங்களிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்வார். அந்தக் கார்டில் கட்டுகிற காசுக்கெல்லாம் விமானக் கம்பெனி பாயிண்ட் தரும். செலவு எங்களுடையது, பாயிண்ட் அவருடையது. பாயிண்ட் சேர்ந்தால் ஓசி டிக்கெட்.

"நம்ம வீட்டு ஃபேன் சுத்தினா பாயிண்ட்காரர் பறக்கிறாரு. நாம புழுங்கினா அவரு தரையில நிப்பாரு" என்பாள் என் மனைவி.

ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அக்காவுக்குத் திங்கள் காலை ஆபரேஷன், சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். இருக்கிற ஒரே சொந்தம் இவர். அது பள்ளி விடுமுறைச் சமயம், விமானத்தில் கூட்டம், டிக்கெட் விலை அவருடைய இரண்டு மாதச் சம்பளம். ஓசி டிக்கெட்டுக்குப் பத்தாயிரம் பாயிண்ட் வேண்டும். அவர் கணக்குப்படி பதின்மூன்றாயிரம் இருக்க வேண்டும். ஏழாயிரம்தான் இருந்தது.

போனை என் மேஜைமேல் வைத்து விமானக் கம்பெனிக்குப் பேசினார். ஒரு பெண் எடுத்தாள்.

"மீதி ஆறாயிரம் வேற ஒருத்தர் பேர்ல இருக்கு சார்" என்று அவள் ஒரு பெயரைப் படித்தாள்.

தம்பி தலையில் அடித்துக்கொண்டார். நம் ஆட்களுக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். அந்தப் படிவத்திலோ பெயருக்கு இரண்டு கட்டம். ஒருமுறை தன் பெயரை முன்னால் போட்டிருக்கிறார், இன்னொரு முறை அப்பா பெயரை. கம்ப்யூட்டர் அவரை இரண்டு ஆளாக்கிவிட்டது.

"அது எங்கப்பா பேரும்மா."

"அப்ப அவரைப் பேசச் சொல்லுங்க."

"அவர் செத்துப் பத்தொம்பது வருஷம் ஆச்சு."

"போன மாசம்கூடப் பறந்திருக்காரே சார்?"

"பறந்தது நான்தாம்மா."

அக்காவின் ஆபரேஷனைச் சொன்னார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு பேரும் ஒரே ஆள்னு நிரூபிக்க மூணு வாரம் ஆகும். அப்பா பிள்ளைக்குப் பாயிண்ட் குடுத்தா மூணு நிமிஷம். அவர் பேர்லயும் இதே போன் நம்பர்தான் இருக்கு. நம்பர் ஒண்ணை அமுக்கினா சம்மதம். இன்னொண்ணு சார், லைன் சரியில்ல. நீங்க அப்பாவைப் பத்திச் சொன்னது எனக்குக் கேக்கல."

லைன் நன்றாகத்தான் இருந்தது.

தம்பி என்னைப் பார்த்தார். "அண்ணே, பொய்யாயிடுமே?"

எனக்கும் பயம்தான். கடவுள் இனிஷியல் பார்க்கமாட்டார், உள்ளே இருப்பதைப் பார்ப்பார். "அப்பா இருந்தா உனக்குக் குடுத்திருப்பாரா?" என்று கேட்டேன்.

"எனக்கா? ஒரு டீ வாங்கித் தந்ததில்ல."

"அக்காவுக்கு?"

"போட்டிருக்கிற சட்டையைக் கழட்டிக் குடுப்பாரு."

"அப்ப அமுக்கு."

அமுக்கினார். அவர் கண் கலங்கியது. இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைக்க மறந்து ஒரு வெள்ளைச் சட்டையைக் கருக்கிவிட்டேன். சட்டை வழக்கறிஞருடையது, அது வேறு கதை. பாவம் ஏதாவது இருந்தால் பாதியை என் தலையில் போடும்படி சாமியிடம் சொல்லிவைத்தேன்.

ஞாயிறு விடிகாலை விமானத்தில் போனார். திங்களன்று கையெழுத்துப் போட்டார். அக்கா பிழைத்தார், ஆனால் நடமாட்டம் திரும்பவில்லை. ஆறு மாதம் கழித்துத் தம்பி அந்த ஊரிலேயே வேலை தேடிக்கொண்டு வீட்டைக் காலி செய்தார்.

கிளம்பும்போது மூன்று சட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே எனக்குப் பாயிண்ட் ஏறாதுண்ணே. என் கட்டிலுக்கும் அக்கா கட்டிலுக்கும் ஒம்போது அடி. அதுக்கு எந்தக் கம்பெனிக்காரனும் ஒண்ணும் தரமாட்டான்" என்றார்.