அடுக்களைக்குப் போகிற வயர்

துவையலுக்குத் தேங்காயும் பொரிகடலையும் போட்டு மிக்ஸியைத் திருகினேன். ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றுபோனது. தலைக்கு மேலே லைட்டும் அணைந்தது. கரண்ட் போயிருக்கும் என்று வெளியே வந்து பார்த்தால், ஹாலில் மின்விசிறி தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அடுக்களை மட்டும் செத்துக் கிடந்தது. என் மாமியாரின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கரண்ட் வேலைக்கு வெளியாள் வந்ததே கிடையாது. மாமனார் நூற்பு மில்லில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வீட்டுச் சுவருக்குள் பைப் பதித்து வயர் இழுத்தவரும் அவரே. எந்த சுவிட்ச் எங்கே வர வேண்டும் என்று அத்தை கூடவே நின்று சண்டை போட்டு, பாதியை இடம் மாற்ற வைத்தாராம். எது ரிப்பேர் ஆனாலும் நான் சொல்லி முடிப்பதற்குள் மாமா டெஸ்டரோடு வந்து நிற்பார்.

இந்த முறையும் வந்தார். ஃப்யூஸைக் கழற்றிப் பார்த்தார். பிளக்கில் டெஸ்டரை வைத்தார், இரண்டு ஓட்டையிலும் எரிந்தது. ஒன்றில்தானே எரிய வேண்டும் என்று கேட்டேன். நியூட்ரல் அறுந்துவிட்டது, வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லை என்றார். எங்கே அறுந்திருக்கிறது என்று கேட்டதற்கு, போர்டை மூடிவிட்டுப் போனார். மறுநாளும் அதே போர்டைத் திறந்தார், மூடினார். சுத்தமாக இருந்த திருகுகளையே மறுபடி துடைத்தார். நான் மிக்ஸியை ஹாலுக்கும் அடுக்களைக்குமாகத் தூக்கி அலைந்தேன். அப்பாவுக்குப் புத்தி மங்கிவிட்டதோ என்று என் கணவர் மெதுவாகக் கேட்டார். மாமாவுக்குச் சரியாகச் சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. அத்தை போனது போதாதென்று இவரும் கொஞ்சம் கொஞ்சமாக எங்களை விட்டுப் போகிறாரோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வயரிங் வேலை பார்க்கும் என் அண்ணனுக்கு ரகசியமாகப் போன் செய்தேன். சும்மா பார்க்க வந்த மாதிரி வா, சாமான் பையை வண்டியிலேயே வைத்துவிடு என்று படித்துப் படித்துச் சொன்னேன். அந்தப் புத்திசாலி பையைத் தோளில் மாட்டிக்கொண்டே உள்ளே வந்தான். மாமா பையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அண்ணனுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஹால் வாசலுக்கு மேலே வயர்கள் இணைகிற பெட்டி வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. அடுக்களைப் பக்கத்துப் பெட்டியில் நியூட்ரல் இல்லை. ஆக, கோளாறு இரண்டுக்கும் நடுவில். நடுவில் இருந்தது ஹால் சுவர். அந்தச் சுவரில், மாலை போட்டு, அத்தையின் படம்.

பதினாறாம் நாள் படத்துக்கான ஆணியை மாமா வேறு யாரையும் அடிக்க விடவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் பைப் போகிற வழியைத் தொட்டுக் காட்டக்கூடியவர், அன்று கண் நிறைந்திருந்த நிலையில் சரியாக அந்தப் பைப்பின் மேலேயே அடித்திருக்கிறார். அரைகுறையாக வெட்டுப்பட்ட வயர் சில நாள் தாங்கி, என் மிக்ஸி ஓடியபோது கருகி அறுந்திருக்கிறது. ஆணியைப் பிடுங்கி வேறு வயர் இழுத்துவிட்டால் தீர்ந்தது.

"படத்தச் செத்த நேரம் இறக்கிக்கிடுவமா மாமா?" என்று அண்ணன் கேட்டான்.

"தெரியும் தம்பி. மொத நாளே தெரியும்," என்றார் மாமா. "வேற எங்கயாச்சும் இருந்துறாதான்னு பாத்தேன்." படத்தை நிமிர்ந்து பார்த்து, "அவள ஒருக்க இறக்கியாச்சு. இன்னொருக்க என்னால ஏலாது," என்றார். 

இடுகாட்டில் நடந்ததை என் கணவர் எனக்குச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் பிடிக்கட்டும் என்று பெரியவர்கள் தடுத்தும் கேட்காமல், அத்தையைக் குழிக்குள் இறக்கும்போது மாமாதான் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டாராம். அண்ணனுக்கு அது தெரியாது. படத்துக்கு எல்லோரும் சொல்கிற 'இறக்கு' என்ற வார்த்தையைத்தான் அவனும் சொன்னான். 

அண்ணன் சுவரை மேலும் கீழும் பார்த்தான். "அத்த அங்கனயே இருக்கட்டும் மாமா. வயரு சுத்திப் போகட்டும்," என்றான்.

மாமா எழுந்துவிட்டார். பழைய மனிதர் திரும்பி வந்ததுபோல அளவு சொன்னார், ஏணியைப் பிடித்தார், அண்ணன் செய்ததில் குற்றம் கண்டுபிடித்தார். பழைய வயரை இரண்டு பெட்டியிலும் கழற்றிவிடச் சொல்லி அதைத் தானே சோதித்தார். "ஆணியில பொட்டுக் கரண்டு நிக்கக் கூடாது. நான் அவ படத்தத் தொட்டுப் பாக்கணும்லா," என்றார்.

இன்றைக்கும் புது வயரை மூடிய வெள்ளை பிளாஸ்டிக் பட்டை சுவரில் ஏறி, கூரையோரமாகப் படத்தைச் சுற்றிப்போய், மறுபக்கம் இறங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் நேராகக் கொண்டுபோயிருக்கலாமே என்பார்கள். நாங்கள் விளக்கம் சொல்வதில்லை.

அன்று அண்ணன் மெயினைப் போட்டதும் அடுக்களை லைட் எரிந்தது. இருபது நாளுக்கு மேல் அந்த வீட்டில் கேட்காமல் போயிருந்த, மாமா அத்தையைக் கூப்பிடுகிற குரலை நான் கேட்டேன். மாமா படத்தின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "ஏட்டி, வந்துருச்சு," என்றார்.