தாலி தேடிய ஒன்பது பேரும் என் மெஷினும்

செப்டம்பர் 14, ஞாயிறு. காலை மணி 10.20. பதினான்கு டிகிரி, மெல்லிய தூறல். பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பேலில், என் வீட்டிலிருந்து 412 காலடி தள்ளியிருக்கும் சின்னப் பூங்காவின் புல்லில், காதில் ஹெட்போன், கையில் உலோகம் தேடும் மெஷின் சகிதம் நிற்கிறேன். என்னைச் சுற்றி ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்.

இந்த மெஷினோடு நான் அலையத் தொடங்கிப் பதினான்கு மாதம். புறநகர் கூசேன்வில்லில் தெரிந்த ஒருவரின் தோட்டத்தில், அவர் அனுமதியோடு, இதுவரை எடுத்தவை: 212 போத்தல் மூடி, 61 சில்லறைக் காசு, 9 பூட்டுத் திறப்பு, ஒரு கரண்டி. 'கிழவருக்கு விசர் முத்திட்டுது' என்று என் காதுபடச் சொன்னவர்கள் ஆறு பேர். அந்த ஆறில் நான்கு பேர் இப்போது இந்த ஒன்பதில் நிற்கிறார்கள்!

காரணம், ரஞ்சி. எங்கள் கட்டடத்தில் எனக்கு மேல் மாடி. கணவருக்குத் திங்கள் காலை எட்டு மணிக்கு இருதய ஒப்பரேசன். இங்கே தாலிக்கொடி வங்கி லொக்கரில்தான் வசிக்கும் — கலியாணம், கோயில் பூங்காவனத் திருவிழா என்றால் மட்டும் வெளியே வரும். ஒப்பரேசன் என்றதும் ரஞ்சி வெள்ளிக்கிழமையே எடுத்துப் போட்டுக்கொண்டாள். சனி மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் இந்தப் புல்லில் இருந்து அழுதிருக்கிறாள். ஞாயிறு காலை கண்ணில் ஒற்றக் கையில் எடுத்தால்... கொடி இருக்கிறது. தாலி இல்லை. வளையம் தேய்ந்து அறுந்திருக்கிறது.

"அண்ணை, அது கிடைக்காட்டி நான் அவரை உள்ளை விடமாட்டன்" என்றாள்.

ஒப்பரேசனுக்குக் கையெழுத்து வைத்தாயிற்று. டாக்டர் தயார். இவள் தயாரில்லை. நான் மெஷினுக்குப் புதுப் பற்றரி போட்டுக்கொண்டு இறங்கினேன். செய்தி கேட்ட ஒன்பது பேரும் உதவிக்குப் பின்னால் வந்தார்கள். நகரப் பூங்காவில் இதைப் பாவிக்கக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் போனேன்.

மெஷின் கத்தியது. குனிந்தேன். புல்லுக்குள் ஒரு கை. கையில் நான்கு காப்பு.

"இஞ்சை ஒருக்காப் பாருங்கோ அண்ணை, மினுங்குது!"

"மினுங்கிறது உங்கடை காப்பு. கழட்டிப்போட்டு வாங்கோ."

"பன்ரண்டு வருசமாய்க் கழட்டாத காப்பு. சவர்க்காரம் போட்டாலும் வராது."

அடுத்த கத்தல். இன்னொருத்தி குனிந்து புல்லை விலக்க, அவள் கொடி தொங்கி மெஷினை உரசியது. அதையாவது கழற்றுங்கள் என்று வாய்விட்டேன். போதாதா?

"ரஞ்சின்ரை மனுசனுக்கு நாளைக்கு ஒப்பரேசன். இந்த நேரத்திலை ஆரும் தாலியைக் கழட்டுவினமே? கதைக்கிற கதையைப் பார்!"

ஐந்து மீற்றர் தள்ளி நில்லுங்கள் என்றேன். நின்றார்கள் — பதினைந்து விநாடி. நாற்பது நிமிடத்தில் மெஷின் 31 தடவை கத்தியது. இருபத்தாறு தடவை காப்பு, கொடி, மோதிரம். மிச்சம் ஐந்தும் போத்தல் மூடி. எங்கள் ஆட்கள் உதவிக்கு அஞ்சாதவர்கள். உதவி கேட்டவன்தான் அஞ்ச வேண்டும்.

பதினொரு மணிக்குப் பூங்காக் காவலர் வந்தார். இளம் பெண், நீலச் சீருடை. திரும்பிப் பார்த்தேன். ஒன்பது பேரையும் காணவில்லை! எல்லோரும் பிரெஞ்சு விசாவும் வேலையும் உள்ள ஆட்கள். ஆனால் சீருடையைக் கண்டால் கால் தானாக நடக்கும் வியாதி ஊரிலேயே தொற்றியது எங்களுக்கு. தூரத்து வாங்குகளில் என்னை முன்பின் அறியாதவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் குடையால் முகத்தை மறைத்திருந்தார்.

ரஞ்சி மட்டும் நின்றாள். அவள் அறுந்த வளையத்தைக் காட்ட, நான் பிரெஞ்சில் விளக்கினேன். கலியாண மோதிரம் மாதிரியா என்று காவலர் கேட்டார். அதைவிடக் கொஞ்சம் கூட என்றேன்.

"தண்டம் எழுதத்தான் வேண்டும், மெசியூ. எழுதி முடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆகும். முடிந்ததும் நீங்கள் நிறுத்த வேண்டும்" என்றார். பேனாவை மிக மெதுவாகத் திறந்தார்.

அந்தப் பூங்காவில் அன்று முதன்முறையாக அமைதி. காப்பில்லை, கொடியில்லை, ஆலோசனையில்லை. ஆறாவது நிமிடம் — மெலிந்த, சுத்தமான ஓர் ஒலி. வாங்குக் காலடியில், ஈர மண்ணில், கொம்புத்தாலி.

ரஞ்சி அதைப் பொத்திப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டாள். வாங்குகள் எழுந்து ஓடி வந்தன.

"பிள்ளையார் காட்டித் தந்திட்டார்! நான் அப்பவே பதினொரு தேங்காய் நேந்தனான்" என்றாள் ரஞ்சி.

"ஓம், ஓம், பிள்ளையார்தான்" என்றது குடை.

பிள்ளையாருக்கு ஹெட்போன் இருந்ததா? தண்டச் சீட்டில் அவர் பெயரா எழுதியிருக்கிறது?

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. ரஞ்சி கணவரின் கட்டிலை விட்டு நகர மறுத்து, போனில் என்னிடம் கேட்டாள்: "அண்ணை, அந்தத் தேங்காயை நீங்களே உடைச்சு விடுங்கோவன்." கோயிலுக்குப் போகாத நான் போனேன். பதினோராவது சிதறாமல் உருண்டு போனது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, நிச்சயமாக இல்லை. ஆனால் அந்த மனிதர் இன்னும் ஐசியுவில்... ஓடிப்போய் இன்னொன்று வாங்கி, பலம்கொண்ட மட்டும் அடித்தேன்.

தண்டம் 35, பற்றரி 8.40, தேங்காய் 1.60 வீதம் பன்னிரண்டு: ஆக மொத்தம் 62 யூரோ 60 சதம்.